காற்றுக்கும் கணக்கு வேண்டும்

நம் கூட்டுறவு நூற்பாலைகளில் ஏறக்குறைய எல்லாப் பொருளுக்கும் கணக்கு உண்டு. வாயிலில் நுழையும் பஞ்சுப் பொதி எடை போடப்படுகிறது. கார்டிங் பிரிவில் விழும் கழிவும் எடை போடப்பட்டுப் பதிவேட்டில் ஏறுகிறது. கோன் அட்டைக்கும், சாக்குக்கும், எண்ணெய்க்கும் இருப்புக் கணக்கு இருக்கிறது. தணிக்கைக்குச் செல்லும்போது நாம் இவற்றையெல்லாம் ஒன்றுவிடாமல் சரிபார்க்கிறோம். ஆனால் இரவும் பகலும் இரும்புக் குழாய் வழியாக ஆலையின் பிரிவுகளுக்குச் செல்லும் ஒரு பொருளுக்கு மட்டும் பெரும்பாலான இடங்களில் பதிவேடு கிடையாது. அதுதான் அழுத்தக் காற்று. அதன் செலவு மின்சாரக் கட்டணம் என்னும் ஒரே வரிக்குள் மறைந்துவிடுகிறது. அந்த வரி நூலின் விலையில் சேர்ந்து, கடைசியில் நெசவாளியின் தறிக்கு வந்து சேருகிறது. ஆகவே இப்பொருளைப் பற்றி அங்கத்தினர் அனைவரும் ஓரளவேனும் அறிந்திருத்தல் நலம்.

காற்று இலவசம், அழுத்தக் காற்று இலவசமன்று

காற்றை யாரும் விலை கொடுத்து வாங்குவதில்லை. ஆனால் அதைப் பிடித்து, எட்டில் ஒரு பங்கு இடத்திற்குள் அடக்கி, குழாயில் செலுத்துவதற்கு மின்சாரம் வேண்டும். கம்ப்ரெசர் என்று ஆலைகளில் வழங்கும் யந்திரம் இவ்வேலையைச் செய்கிறது. சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பாகம் சுடுவதை நாம் எல்லோரும் கையால் உணர்ந்திருக்கிறோம். கம்ப்ரெசரிலும் நிகழ்வது அதுவே. உள்ளே செல்லும் மின்சாரத்தின் பெரும்பகுதி வெப்பமாக மாறி வெளியேறிவிடுகிறது. 100 யூனிட் மின்சாரம் செலவிட்டால், காற்றின் வழியாக யந்திரத்தின் முனையில் வேலையாகக் கிடைப்பது 10 முதல் 15 யூனிட் வரைதான். இதனாலேயே தொழிற்சாலையில் பயன்படும் சக்திகளுள் மிக விலையுயர்ந்தது அழுத்தக் காற்று என்று பொறியியல் வல்லுநர் கூறுவர்.

அப்படியானால் அதை ஏன் பயன்படுத்த வேண்டும் என்ற கேள்வி எழலாம். மற்றவற்றால் செய்ய முடியாத சில வேலைகளை அது செய்துவிடுகிறது. இத்தாலியையும் பிரான்சையும் இணைக்க ஆல்ப்ஸ் மலையைக் குடைந்து, 1871இல் திறக்கப்பட்ட ஃபிரெஜூஸ் சுரங்கப் பாதை இதற்குப் பழைய சான்று. புகை கக்கும் நீராவி யந்திரத்தை மலையின் வயிற்றுக்குள் கொண்டுபோக முடியாது. எனவே ஜெர்மன் சோமேயே என்னும் பொறியாளர், வெளியே அருவி நீரின் வலிமையால் காற்றை அழுத்தி, குழாய் வழியாக உள்ளே அனுப்பிப் பாறை துளைக்கும் கருவிகளை ஓட்டினார். வேலை முடித்து வெளிவந்த காற்றே தொழிலாளருக்கு மூச்சுக் காற்றாகவும் உதவியது. வேறு வழியில்லாத இடத்தில் அழுத்தக் காற்று ஒரு வரம். வேறு வழி இருக்கும் இடத்தில் அதையே பயன்படுத்துவது, கூரைவீட்டுக்கு முட்டுக்கொடுக்கத் தேக்கு மரத்தை வெட்டுவது போன்றது.

நம் தொழில்களில் அதன் பயன்

நூற்பாலையில் ஆட்டோகோனர் என்னும் யந்திரம் அறுந்த இரண்டு இழைகளை முடிச்சுப் போடாமலே ஒன்று சேர்க்கிறது. காற்றின் வேகமான ஒரு வீச்சு இரு நுனிகளின் நார்களையும் பிரித்து, மறுபடி ஒன்றோடொன்று பின்னிவிடுகிறது. முடிச்சு விழுதிலும் அச்சிலும் தட்டி இழை அறுந்த தொல்லையை அறிந்த நெசவாளருக்கு இதன் அருமையைச் சொல்ல வேண்டியதில்லை. ஏர்ஜெட் தறியில் நாடாவே கிடையாது. ஊடையிழையைக் காற்றின் பீச்சல் கொண்டுசெல்கிறது. நவீன அரிசி ஆலையில், கலர் சார்ட்டர் என்னும் யந்திரம் நிறம் மாறிய அரிசியைக் கண்டறிந்ததும் நொடிக்கும் குறைவான நேரத்தில் ஒரு காற்று வீச்சு அதைத் தட்டி விலக்குகிறது. ஆகவே நூல் வாங்கும் நெசவாளர், நெல் விற்கும் உழவர் ஆகிய இரு சாராருக்கும் இந்தக் காற்றின் செலவில் பங்கு உண்டு.

நஷ்டம் ஏன் கண்ணில் படுவதில்லை

தண்ணீர்க் குழாய் ஒழுகினால் தரை நனைகிறது. எண்ணெய் ஒழுகினால் கறை படிகிறது. காற்று ஒழுகினால் ஒன்றும் தெரிவதில்லை. 'உஸ்' என்ற ஓசை எழும்; ஆனால் ஆயிரக்கணக்கான கதிர்கள் சுழலும் இரைச்சலில் அதை யாரும் கேட்பதில்லை. கம்ப்ரெசரோ குழாயில் அழுத்தம் குறைந்தால் காற்றை நிரப்பும். அக்காற்று யந்திரத்துக்குப் போகிறதா, ஓட்டை வழியே போகிறதா என்ற வேற்றுமை அதற்குத் தெரியாது. இரண்டுக்கும் ஒரே விசுவாசத்தோடு உழைக்கும்.

இதன் விளைவை நாம் பல இடங்களில் காண்கிறோம். முதலில் கடைக்கோடியிலுள்ள யந்திரத்துக்குக் காற்றுப் போதவில்லை என்று புகார் வருகிறது. உடனே கம்ப்ரெசரின் அழுத்தம் உயர்த்தப்படுகிறது. அழுத்தம் உயர்ந்தால் ஒவ்வோர் ஓட்டையிலும் முன்னைவிட அதிகமான காற்று வெளியேறுகிறது. சில மாதங்களில் மீண்டும் பற்றாக்குறை தோன்றுகிறது. இறுதியில் புதிய கம்ப்ரெசர் வாங்கும் தீர்மானம் நிர்வாகக் குழுவின் முன் வைக்கப்படுகிறது. அங்கத்தினரின் பங்குத் தொகையிலிருந்தோ கடனிலிருந்தோ பல இலட்சம் ரூபாய் செலவாகிறது. ஓட்டைகள் அப்படியே இருக்கின்றன. பராமரிப்புக் குறைந்த தொழிற்சாலைகளில் கம்ப்ரெசர் தரும் காற்றில் 20 முதல் 30 விழுக்காடு வரை கசிவில் போவது சாதாரணம். நன்கு பராமரித்தால் அதை 10 விழுக்காட்டுக்குள் நிறுத்தலாம்.

கசிவை அளக்கும் முறை

கசிவை அளப்பதற்குப் பெரிய கருவி எதுவும் வேண்டியதில்லை. கைக்கடிகாரமும், ஒரு தாளும், பொறுமையும் போதும். வாராந்தர விடுமுறை நாளிலோ, ஆலை நின்றிருக்கும் வேறு நேரத்திலோ இச்சோதனையைச் செய்ய வேண்டும்.

முதலாவது, காற்றைப் பயன்படுத்தும் எல்லா யந்திரங்களையும் நிறுத்துக. ஆனால் அவற்றுக்குச் செல்லும் காற்றுக் குழாய்களின் வால்வுகளை மூடற்க. யந்திரத்திற்குள் இருக்கும் கசிவும் கணக்கில் வரவேண்டுமல்லவா?

இரண்டாவது, ஒரு கம்ப்ரெசரை மட்டும் ஓட்டி, குழாயில் வழக்கமான அழுத்தம் வரும்வரை காத்திருக்க. அந்த அழுத்தம் வந்ததும் கம்ப்ரெசர் காற்று செலுத்துவதை நிறுத்திச் சும்மா சுழலும். இதை 'அன்லோடு' என்பர். கசிவினால் அழுத்தம் குறைந்ததும் மீண்டும் காற்றைச் செலுத்தத் தொடங்கும். இது 'லோடு'.

மூன்றாவது, லோடில் எத்தனை நொடி, அன்லோடில் எத்தனை நொடி என்று குறைந்தது ஐந்து சுற்றுகளுக்குக் குறித்துச் சராசரி காண்க.

நான்காவது, லோடு நேரத்தை இரண்டு நேரங்களின் கூட்டுத்தொகையால் வகுத்து, 100ஆல் பெருக்குக. வருவதே, அந்தக் கம்ப்ரெசரின் திறனில் கசிவுக்குப் போகும் விழுக்காடு.

யந்திரம் எதுவும் ஓடாதபோது காற்று செலவாகக் கூடாது. ஆகவே அப்போது செலவாகும் காற்று முழுவதும் நஷ்டமே என்பது இச்சோதனையின் அடிப்படை. ஒருவேளை கம்ப்ரெசர் அன்லோடுக்கே வராமல் ஓடிக்கொண்டிருந்தால், கசிவு அதன் முழுத் திறனையும் விழுங்குகிறது என்று பொருள்.

ஓர் உதாரணக் கணக்கு

நிமிடத்துக்கு 10 கன மீட்டர் காற்றைத் தரும் கம்ப்ரெசர் ஒன்றை எடுத்துக்கொள்வோம். சோதனையில் லோடு நேரம் 90 நொடி, அன்லோடு நேரம் 210 நொடி என்று வருகிறது. 90ஐ 300ஆல் வகுத்தால் 30 விழுக்காடு. அதாவது, நிமிடத்துக்கு 3 கன மீட்டர் காற்று கசிகிறது.

7 பார் அழுத்தத்தில் நிமிடத்துக்கு ஒரு கன மீட்டர் காற்றைத் தர ஏறக்குறைய 6.5 கிலோவாட் மின்சக்தி வேண்டும் என்று கொள்வோம். கசிவைத் தாங்க மட்டும் 19.5 கிலோவாட் செலவாகிறது. ஆலை நாளொன்றுக்கு 24 மணி, ஆண்டுக்கு 350 நாள் ஓடினால், இது 1,63,800 யூனிட். யூனிட் 8 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 13,10,400 ரூபாய்.

கசிவை 30 விழுக்காட்டிலிருந்து 10 விழுக்காடாகக் குறைத்தால் இதில் மூன்றில் இரண்டு பங்கு, அதாவது 8,73,600 ரூபாய், மிச்சமாகும் என்று தோன்றும். ஆனால் கணக்கில் ஒரு நுட்பம் உண்டு. லோடு நேரம் குறைந்து அன்லோடு நேரம் கூடினாலும், கம்ப்ரெசர் சும்மா சுழலும்போதும் முழு மின்சக்தியில் கால் பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை எடுத்துக்கொள்கிறது. அதை 30 விழுக்காடு என்று கழித்தால், உண்மையான மிச்சம் ஏறக்குறைய 76,000 யூனிட், 6 இலட்சம் ரூபாய் அளவில் நிற்கும். முழு மிச்சமும் கைக்கு வரவேண்டுமானால், பல கம்ப்ரெசர்கள் உள்ள ஆலையில் ஒன்றை அடியோடு நிறுத்த வேண்டும். அல்லது தேவைக்கேற்ப மோட்டார் வேகத்தை மாற்றும் கருவி பொருத்திய கம்ப்ரெசரைப் பயன்படுத்த வேண்டும். கசிவை அடைத்துவிட்டோம், பில் எதிர்பார்த்த அளவு குறையவில்லையே என்று கேட்போருக்கு விடை இதுவே.

எங்கே தேடுவது

நீண்ட குழாயின் நடுவில் கசிவு அரிது. மரைப் பொருத்துகள், கப்ளிங்குகள், ஹோஸ் குழாயின் கிளிப்புகள், வால்வுகளின் கழுத்து, ஃபில்டர் கிண்ணங்கள் ஆகியவையே அதன் இருப்பிடங்கள். சோப்பு நீரைத் தூரிகையால் தடவினால் குமிழி எழும். ஆலை ஓடும்போதே தேட விரும்பினால், நம் காதுக்கு எட்டாத ஓசையைப் பிடிக்கும் கருவிகள் உள்ளன. கண்ட இடத்திலெல்லாம் ஒரு சீட்டைக் கட்டி, எண்ணிட்டு, கண்ட தேதியையும் அடைத்த தேதியையும் பதிவேட்டில் எழுத வேண்டும். 7 பார் அழுத்தத்தில் 3 மில்லிமீட்டர் ஓட்டை ஒன்று ஏறக்குறைய 3 கிலோவாட்டை விழுங்கும். மேலே கண்ட விலைப்படி அது ஆண்டுக்கு 2 இலட்சம் ரூபாய். டேப்புக்கும் கிளிப்புக்கும் ஆகும் செலவு சில பத்து ரூபாய்.

ஒரு கசிவை மட்டும் தனியே குறிப்பிட வேண்டும். காற்றை அழுத்தினால் அதிலுள்ள ஈரம் நீராகப் பிரியும். நம் ஊர்களின் ஈரமான நாள்களில், நிமிடத்துக்கு 10 கன மீட்டர் கம்ப்ரெசரிலிருந்து மணிக்குச் சுமார் 10 லிட்டர் நீர் பிரியும். அதை அடிக்கடி வடிக்கும் தொல்லையை எண்ணி, வடிகால் வால்வைச் சற்றே திறந்து வைத்துவிடும் பழக்கம் பல இடங்களில் உண்டு. நீர் போனபின் அவ்வழியே ஓயாமல் காற்றும் போகிறது. நீர் சேர்ந்தபோது மட்டும் திறந்துகொள்ளும் தானியங்கி வடிகால் இதற்குத் தக்க மாற்று.

அழுத்தத்தைக் குறைத்தல்

ஆலைத் தொழிலாளர் 'கிலோ' என்று சொல்வதும், அளவுமானியில் 'பார்' என்று எழுதியிருப்பதும் ஏறத்தாழ ஒன்றே. 7 பாரில் ஓடும் கம்ப்ரெசரை 6 பாருக்குக் குறைத்தால் மின்செலவு 6 முதல் 7 விழுக்காடு குறையும். கசிவும் உடன் குறையும். ஆனால் இதை ஒரேயடியாகச் செய்தல் கூடாது. கால் பார் வீதம் குறைத்து, ஒவ்வொரு முறையும் சில நாள் ஓட்டி, ஸ்ப்ளைசர் பொருத்தும் இழையின் வலிமையைச் சோதித்த பின்பே அடுத்த படிக்குச் செல்லவேண்டும். மின்சாரத்தை மிச்சப்படுத்தி நூலைக் கெடுப்பது சிக்கனமாகாது. ஒரே ஒரு யந்திரத்துக்கு மட்டும் உயர்ந்த அழுத்தம் தேவையானால், அதற்கெனச் சிறிய கம்ப்ரெசர் ஒன்றைத் தனியே வைப்பதே முறை. ஒருவருக்காக ஆலை முழுவதும் அதிக அழுத்தத்தில் ஓடுவது வீண்.

குழாயும் அறையும்

கம்ப்ரெசர் அறையில் 7 பார் காட்டும்போது கடைசி யந்திரத்தில் 6 பார்தான் இருக்கிறது என்றால், இடையில் ஒரு பார் குழாயில் தொலைந்தது என்று பொருள். ஒரே அளவு காற்று சென்றால், குழாயின் விட்டம் இருமடங்காகும்போது இந்த உராய்வு இழப்பு ஏறத்தாழ 32இல் ஒரு பங்காகக் குறைகிறது. ஆலையை விரிவுபடுத்தும்போது யந்திரத்தை மட்டும் கூட்டிவிட்டுப் பழைய குழாயையே வைத்துக்கொள்வது எவ்வளவு தவறு என்பது இதனால் விளங்கும். முதன்மைக் குழாய் இரு பக்கமும் சுற்றிவந்து சேரும் வளையமாக அமைந்தால் ஒவ்வொரு யந்திரத்துக்கும் இரு வழியிலும் காற்று கிடைக்கும்.

உள்ளே இழுக்கும் காற்றின் வெப்பம் 4 டிகிரி செல்சியஸ் உயர்ந்தால், அதே அளவு காற்றுக்கு மின்செலவு ஏறத்தாழ ஒரு விழுக்காடு கூடும். சித்திரை வெயிலில் சன்னல் இல்லாத அறைக்குள் தன் வெப்பத்தைத் தானே மூச்சாக இழுக்கும் கம்ப்ரெசர் எவ்வளவு வீணாக்கும் என்பதை எண்ணிப் பாருங்கள். நிழலான பக்கத்திலிருந்து வெளிக்காற்று வர வழி செய்தலும், பஞ்சு படிந்து அடைபடும் ஃபில்டரை உரிய காலத்தில் மாற்றுதலும் எளிய பரிகாரங்கள்.

காற்றைத் துடைப்பமாக்க வேண்டாம்

யந்திரத்தில் படிந்த பஞ்சை ஊதுவதற்குத் திறந்த ஹோஸ் குழாயைப் பயன்படுத்தும் வழக்கம் பரவலானது. 7 பாருக்கு அழுத்திய காற்றைக் கொண்டு தூசி ஊதுவது பன்னீரில் தரை கழுவுவதற்குச் சமம். குறைந்த அழுத்தத்தில் ஊதும் புளோவர் அதே வேலையை மிகக் குறைந்த மின்சாரத்தில் செய்யும். ஏர் கன்னே வேண்டுமென்றால், சுற்றியுள்ள காற்றையும் சேர்த்து இழுத்து ஊதும் முனை பொருத்தியதை, அழுத்தம் குறைத்துப் பயன்படுத்தலாம்.

இங்கே பணத்தினும் பெரிய செய்தி ஒன்று உண்டு. ஷிப்ட் முடிந்ததும் உடையிலும் தலையிலும் ஒட்டிய பஞ்சை இக்காற்றால் ஊதிக்கொள்ளும் பழக்கம் மிகவும் ஆபத்தானது. அழுத்தக் காற்று கண்ணைக் கெடுக்கும், செவிப்பறையைக் கிழிக்கும், காயத்தின் வழியாக உடலுக்குள் புகுந்தால் உயிருக்கே ஊறு விளைக்கும். விளையாட்டுக்காக ஒருவர் மேல் ஒருவர் காற்றடிப்பதை எந்த ஆலையிலும் அனுமதிக்கவே கூடாது. தொழிலாளி வீட்டுக்கு நலமாகத் திரும்புவதைவிடப் பெரிய சேமிப்பு இல்லை.

வெளியேறும் வெப்பம்

மின்சாரத்தின் பெரும்பகுதி வெப்பமாகிறது என்று கண்டோம். அவ்வெப்பத்தையும் பயன்படுத்தலாம். எண்ணெயால் குளிர்விக்கப்படும் ஸ்க்ரூ கம்ப்ரெசரின் சூடான எண்ணெயைத் தண்ணீர் சுற்றும் கருவி வழியே செலுத்தினால் வெந்நீர் கிடைக்கும். அருகில் சாயப்பட்டறையோ சமையற்கூடமோ இருந்தால், அங்கே எரியும் விறகிலும் எரிவாயுவிலும் ஒரு பகுதி மிஞ்சும். வெந்நீருக்குத் தேவையே இல்லாத இடத்தில் இதற்குப் பணம் செலவிடுவது பயனற்றது.

நிர்வாகக் குழு செய்ய வேண்டியது

மேலே கூறியவற்றில் பெரும்பாலானவை முதலீடு வேண்டாதவை. முதலில் கசிவு, அடுத்து அழுத்தம், பிறகு குழாய், கடைசியில்தான் புதிய யந்திரம். இந்த வரிசை மாறக் கூடாது. கம்ப்ரெசருக்கெனத் தனி மின்மீட்டர் பொருத்துவதே முதற்படி. அந்த மீட்டரின் அளவையும், மாதம் ஒரு முறை செய்யும் கசிவுச் சோதனையின் விழுக்காட்டையும் ஒரு பதிவேட்டில் எழுதி, பஞ்சுக் கழிவுக் கணக்கோடு குழுக் கூட்டத்தில் வைக்க வேண்டும். எழுதப்பட்ட நஷ்டத்துக்குப் பொறுப்பாளர் ஒருவர் இருப்பார். எழுதப்படாத நஷ்டம் எல்லோருக்கும் பொதுவாகி, யாருக்கும் சொந்தமில்லாமல் போகும்.

மேலும் ஆழ்ந்த ஆய்வு வேண்டுவோர், 1956இல் கோயம்புத்தூரில் தொடங்கப்பட்ட தென்னிந்திய ஜவுளி ஆராய்ச்சிச் சங்கத்தை அணுகலாம். 2001ஆம் ஆண்டின் எரிசக்திச் சேமிப்புச் சட்டத்தின்கீழ் 2002இல் அமைந்த எரிசக்தித் திறன் செயலகம் சான்றளித்த தணிக்கையாளர்களும் இருக்கின்றனர். ஆனால் வெளியார் ஆண்டுக்கொருமுறை வந்து காட்டும் வழியைவிட, உள்ளிருக்கும் ஃபிட்டர் வாரந்தோறும் சோப்பு நீருடன் நடக்கும் நடையே அதிகப் பலன் தரும். அப்படிக் கசிவைக் கண்டு அடைப்பவரைப் பொதுப் பேரவையில் பெயர் சொல்லிப் பாராட்டுவது சங்கத்துக்குப் பெருமை.

அங்கத்தினர் வட்டங்களில் விவாதிக்கச் சில வினாக்கள்

1. நம் ஆலையில் கம்ப்ரெசருக்குத் தனி மின்மீட்டர் உண்டா? சென்ற மாதம் எத்தனை யூனிட் ஆயிற்று?

2. கடைசியாகக் கசிவுச் சோதனை செய்த நாள் எது? விழுக்காடு எவ்வளவு?

3. லோடு நேரம் 60 நொடி, அன்லோடு நேரம் 180 நொடி என்றால் கசிவு எத்தனை விழுக்காடு? (விடை: 25.)

4. கம்ப்ரெசர் அறையிலும் கடைசி யந்திரத்திலும் அழுத்தம் எவ்வளவு? வேற்றுமை எதனால்?

5. புதிய கம்ப்ரெசர் வாங்கும் தீர்மானம் வந்தால், அதற்கு முன் நாம் கேட்டுப் பெறவேண்டிய கணக்குகள் யாவை?

ஐந்தாவது வினாவுக்கு விடை சொல்லத் தெரிந்த அங்கத்தினர் பத்துப் பேர் பொதுப் பேரவையில் அமர்ந்திருந்தால், அந்தச் சங்கத்தின் பணம் ஓட்டை வழியே போகாது.